கேம்பர் வேன் ஸ்கிரீனுக்கு மாற்று சேனல், ரன்னர், ஸ்பிரிங்: பாரிமுனை முதல் காசிமேடு வரை கிடைப்பதில் எது தாங்கும்?

கேம்பர் வேனுக்குள் சீக்கிரம் உடைகிற சாமான் ஸ்கிரீன் ரன்னர், அதாவது சேனல் என்கிற தண்டவாளத்துக்குள் ஓடி ஸ்கிரீனைத் தாங்கும் சிறு கொக்கி. உடைந்ததும் அதே ரன்னரைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்குவதில் பலன் குறைவு. பாடி கட்டும் இடத்தில் அன்றைக்குக் கையில் இருந்த சேனலைப் போட்டிருப்பார்கள். வெளிநாட்டு மோட்டார்ஹோம் என்றால் அந்த அளவு ரன்னரை இங்கே எதிர்பார்க்கவே முடியாது. ஆனால் வட சென்னையில் இருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. ஹார்டுவேருக்கு மண்ணடி, துணிக்கு கோடவுன் தெரு, நூலுக்கும் கயிறுக்கும் காசிமேடு, தையலுக்கு மாதவரம், மூலக்கடைப் பக்கத்து சீட் கவர் கடைகள். ஓரிரு நாள் அலைந்தால் மொத்த செட்டையும் மாற்றிவிடலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலே அனோடைஸ் செய்த (மேற்பரப்பை மின்முறையில் கடினமாக்கிய) அலுமினிய சேனல், அதில் சக்கரம் இல்லாத ஒற்றைத் துண்டு நைலான் ரன்னர், கீழே ஸ்பிரிங். இதுதான் வேனில் நிற்கும். வீட்டு ராடு, கீறிய பிவிசி பைப், ஒட்டுகிற வெல்க்ரோ மூன்றும் வேண்டாம்.

காரணம் துணியின் எடை என்று நினைப்பவர்கள் உண்டு. எடை ஒரு பொருட்டே இல்லை. சதுர மீட்டருக்கு 250 கிராம் உள்ள, வெளிச்சம் புகாத பிளாக்அவுட் துணியில் 54 அங்குல அகலம், 3 மீட்டர் நீளம் எடுத்தால் மொத்தமே ஒரு கிலோ சொச்சம். அது இரண்டு பக்கத்துக்கும் போதும். ஒரு பக்கத்துக்கு அரைக் கிலோதான். ரன்னரை உடைப்பது குலுக்கல். கன்டெய்னர் லாரி ஓடித் தேய்ந்த எண்ணூர் நெடுஞ்சாலையிலோ மணலி பக்கமோ ஒரு நடை போய் வந்தால், அந்த அரைக் கிலோ துணி ஆயிரக்கணக்கான தடவை மேலும் கீழும் உதறும். வீட்டு சாமானை யாரும் இதற்காகச் செய்வதில்லை.

இன்னொரு விஷயம் வேனின் சுவர். டிராவலர், ஈக்கோ, ஆம்னி எதுவானாலும் பக்கச்சுவர் மேலே போகப் போக உள்பக்கம் சாயும். மேலே மட்டும் கம்பி போட்டுத் தொங்கவிட்டால் துணி கண்ணாடியை விட்டு விலகி, படுத்திருப்பவர் முகத்தில் வந்து நிற்கும். வெளிச்சமும் கொசுவும் கீழ் வழியாக நுழையும். அதனால் மேலும் கீழும் பிடிக்கிற ஏற்பாடு கட்டாயம். இதை விட்டுவிட்டு மேலே எவ்வளவு நல்ல சேனல் போட்டாலும் வேலை பாதிதான்.

சேனல்

பழைய சேனல் வளையாமல் இருந்தால் அதைக் கழற்றவே வேண்டாம்; ரன்னரை மட்டும் மாற்றுங்கள். வெர்னியர் அளவுகோல் எடுத்து மூன்று அளவு பாருங்கள்: வாய் (சேனலின் அடியில் திறந்திருக்கும் பிளவு) இடைவெளி, உள் அகலம், உள் உயரம். வெர்னியர் இல்லையென்றால் டிரில் பிட்டுகளை ஒவ்வொன்றாக வாயில் நுழைத்துப் பாருங்கள். 3 மில்லி பிட் போய் 3.5 போகவில்லை என்றால் அளவு தெரிந்துவிட்டது.

புது சேனல் என்றால் அடிக் கணக்கில் விற்கும் வீட்டு ஸ்கிரீன் சேனலே போதும், ஆனால் அனோடைஸ் அல்லது பவுடர் கோட்டிங் செய்ததாக இருக்கட்டும். பூச்சு இல்லாத வெறும் அலுமினியத்தில் ரன்னர் உரச உரசக் கறுப்புப் பொடி கொட்டும். வெளிர் நிறத் துணியில் அந்தக் கறை சோப்புக்குப் போகாது. வாங்கியதும் வெட்டு முனையையும் வாயின் இரண்டு ஓரத்தையும் 400 நம்பர் எமரித்தாளால் தேய்த்துவிடுங்கள். பிசிறு உள்ள ஓரம் ரன்னரின் கழுத்தை அறுத்துவிடும்.

டிராவலர் பின்பக்க மூலையில் சேனலை வளைக்க வேண்டிவரும். நேராக வளைத்தால் வாய் மூடிக்கொள்ளும், அதற்கப்புறம் எந்த ரன்னரும் நகராது. வாய்க்குள் இறுக்கமாகப் போகிற நைலான் கயிற்றை முழு நீளத்துக்கும் நுழைத்து, பழைய டயரின் மேல் வைத்துச் சிறிது சிறிதாக அழுத்துங்கள். ஒரே இடத்தில் அழுத்தினால் மடிந்துவிடும். மூலை மிகவும் குறுகலாக இருந்தால் வளைக்காதீர்கள். இரண்டு நேர்த் துண்டுகளாகப் போட்டு, ஸ்கிரீனையும் இரண்டாகத் தைப்பது மேல்.

மாட்டும் முறை: பெரும்பாலான சேனல்கள் விழுவது இங்கேதான்

வேனின் உள் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் செல்ஃப் ஸ்க்ரூ போட்டால் ஒன்று, ஒன்றரை மரைதான் பிடிக்கும். குலுக்கலில் ஓட்டை பெரிதாகி ஸ்க்ரூ தானாகக் கழன்று வரும். அப்புறம் பெரிய ஸ்க்ரூ, அதற்கப்புறம் அதைவிடப் பெரிய ஸ்க்ரூ என்று போய், கடைசியில் தகடே கிழிந்து நிற்கும்.

அதற்குப் பதில் பாப் ரிவெட் (ஒரு பக்கத்திலிருந்தே இழுத்து இறுக்கும் ஆணி) போடுங்கள்; 4 மில்லி ரிவெட்டுக்கு 4.1 மில்லி துளை. அல்லது எம்4 ரிவெட் நட்டு, அதாவது தகட்டிலேயே பிடித்துக்கொண்டு 4 மில்லி போல்ட்டை ஏற்கும் நட்டு. இதற்குப் பொதுவாக 6 மில்லி துளை, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கழற்றி மாட்ட முடியும் என்பதால் ரிவெட் நட்டுக்குத்தான் என் ஓட்டு. சேனலின் இரு முனையிலிருந்தும் 2 அங்குலம் தள்ளி முதல் பிடி, நடுவில் 10 முதல் 12 அங்குலத்துக்கு ஒன்று, வளைவில் 6 அங்குலத்துக்கு ஒன்று. 6 அடி சேனலுக்கு ஏழெட்டுப் பிடி வரும். போல்ட்டின் தலை சேனலுக்குள் துருத்தினால் ரன்னர் அங்கே முட்டி நிற்கும்; தலை தட்டையான போல்ட்டு கேட்டு, சேனலில் அதற்குக் குழி இழைத்துக்கொள்ளுங்கள்.

துளை போடும்போது டிரில் பிட்டில் ஒரு மரத்துண்டைக் கோத்து, நுனி 6, 7 மில்லி மட்டும் வெளியே தெரியும்படி வையுங்கள். அந்தப் பக்கம் வெளித் தகடோ ஒயரிங்கோ இருக்கும். தூணிலோ கூரை ஓரத்திலோ ‘எஸ்ஆர்எஸ் ஏர்பேக்’ என்று எழுத்து இருந்தால் அந்தப் பக்கமே டிரில்லைக் கொண்டுபோகக் கூடாது.

ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை வண்டி நிறுத்துகிறவர்கள் உப்புக் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். இரும்பு ஸ்க்ரூ அலுமினியத்தைத் தொட்டு, நடுவில் உப்பு ஈரமும் இருந்தால், துளையைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். ஜிங்க் முலாம் பூசிய மஞ்சள், வெள்ளை ஸ்க்ரூக்கள் இங்கே சீக்கிரம் துருப்பிடிக்கும். 304 கிரேடு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்டும், இடையில் ஒரு நைலான் வாஷரும் போடுங்கள். சாதாரண அலுமினிய பாப் ரிவெட்டின் நடுவில் ஒடிந்து நிற்பது இரும்பு ஆணி. அதுவும் துருத் தண்ணீர் விடும். ரிவெட் அடித்ததும் தலையில் ஒரு சொட்டு சிலிக்கான் வைத்து மூடிவிட்டால் துணியில் செம்மண் கறை விழாது.

ரன்னர்

கடையில் இரண்டு வகை எடுத்துப் போடுவார்கள். சிறு சக்கரங்களும் இரும்பு அச்சும் உள்ளது ஒன்று. முழுக்க நைலானில் வழுக்கிச் செல்வது மற்றது. வீட்டில் சக்கர வகை சுகமாக ஓடும். வேனில் அது கடகடவென்று சத்தம் போடும், அச்சு துருப்பிடிக்கும், ஒரு பெரிய பள்ளத்தில் சக்கரம் கழன்று போகும். வழுக்கும் வகையே சரி. வாங்கும் முன் ஒன்றின் கொக்கியை விரலால் வளைத்துப் பாருங்கள். வளைந்து திரும்பி வந்தால் நல்ல சரக்கு. வளைத்த இடம் வெளுத்துப்போய் ‘டக்’ என்று ஒடிந்தால் மறுசுழற்சி பிளாஸ்டிக். அந்தப் பாக்கெட்டை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

6 அடிக்கு, 3 அங்குலத்துக்கு ஒன்று என்று 25 ரன்னர் வேண்டும். உடைந்தால் போட நாலைந்தை சேனலுக்குள்ளேயே ஓரமாக விட்டுவையுங்கள். சேனலைக் கழற்றாமல் ரன்னர் ஏற்ற, முனையிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே வாயை அரத்தால் அகலப்படுத்தி ஒரு வாசல் செய்துகொண்டால் பின்னால் பெரிய உபகாரம்.

பழைய சேனலுக்கு எந்தக் கடை ரன்னரும் பொருந்தவில்லையா? அதற்குத்தான் கீழே உள்ள மூன்று கைவேலைகள்.

முதலாவது சட்டைப் பட்டன். மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பட்டனை லைன் கணக்கில் விற்பார்கள். 40 லைன் ஓர் அங்குலம். காலரில் வைக்கும் 14 லைன் பட்டன் சுமார் 9 மில்லி, சட்டையின் முன்பக்கத்து 18 லைன் சுமார் 11.5 மில்லி. சேனலின் உள் அகலத்தைவிட ஒரு மில்லி குறைவான பட்டனை எடுங்கள். இரண்டு துளை வழியாக நூலைக் கோத்து, பட்டன் சேனலுக்குள் படுத்திருக்க, நூல் மட்டும் வாய் வழியாகக் கீழே இறங்கி ஸ்கிரீன் நாடாவைப் பிடிக்க வேண்டும். தையல் நூல் போதாது. காசிமேட்டில் வலை பின்னுகிற முறுக்கு நூலில் மெல்லியது கேளுங்கள். பாலியஸ்டர் கிடைத்தால் நைலானைவிட வெயிலை அதிகம் தாங்கும். முடிச்சுப் போட்ட பின் நுனியைத் தீக்குச்சியால் உருக்கி அமுக்கிவிடுங்கள், இல்லையென்றால் வழுக்கி அவிழும். வாயின் ஓரத்தை எமரி போட்டிருக்க வேண்டும் என்பது இதற்கு இரட்டிப்பாகப் பொருந்தும். கூர்மையான ஓரம் எந்த நூலையும் அறுத்துவிடும்.

இரண்டாவது கேபிள் டை. வாய் 3 மில்லிக்கு மேல் இருந்தால் 2.5 மில்லி அகல டையை நாடாவில் கோத்து வளையமாக்கி, தலையை சேனலுக்குள் நுழைத்தால் ரன்னர் தயார். கறுப்பு டை மட்டுமே வாங்குங்கள். வெள்ளை டை கண்ணாடியோர வெயிலில் மொறமொறவென்று ஆகி உடையும். வெட்டிய வாலின் நுனி கத்தியைப் போலக் கையைக் கீறும், அதை அரத்தால் மழுக்குங்கள்.

மூன்றாவது எம்4 நட்டு. இதைப் பலர் செய்கிறார்கள், நான் பரிந்துரைக்க மாட்டேன். நட்டின் இரு தட்டைப் பக்கங்களுக்கு இடையே 7 மில்லி, உயரம் 3.2 மில்லி, பல சேனல்களில் அளவாகத்தான் உட்காரும். ஆனால் இரும்பு அலுமினியத்தை இழைத்து மறுபடியும் அதே கறுப்புப் பொடி. நடு வழியில் அவசரத்துக்குச் சரி, நிரந்தரமாக வேண்டாம்.

எதைப் போட்டாலும் முனையில் தடுப்பு இல்லையென்றால் ஒரு பிரேக் அடியில் ரன்னர்கள் அத்தனையும் வெளியே கொட்டும். கடையில் கொடுக்கும் பிளாஸ்டிக் மூடி குலுக்கலில் பிதுங்கி விழும். சேனலின் குறுக்கே ஓர் எம்4 போல்ட்டும் நைலான் லாக் நட்டும் போடுங்கள், ஆயுசுக்கும் நகராது. ரன்னர் சத்தம் போட்டால், அலுமினிய ஜன்னல் செய்பவர்களிடம் கிடைக்கும் வுல் பைல் பட்டையில் (மென்மயிர் வைத்த பட்டை) ஒரு சாண் வாங்கி, ஸ்கிரீன் ஒதுங்கி நிற்கும் இடத்தில் சேனலுக்குள் ஒட்டுங்கள். வழுக்குவதற்கு மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும். தேங்காய் எண்ணெயும் கிரீஸும் புழுதியைப் பிடித்துப் பசையாக்கிவிடும்.

ஸ்பிரிங்கும் பிரேக் வயரும்

பிவிசி உறை போட்ட ஸ்கிரீன் ஸ்பிரிங் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். கீழ்ப் பிடிக்கு இதைவிட நல்லது இல்லை. மேல்பக்கத்துக்கு மட்டும் இது வேண்டாம். 4 அடிக்கு மேல் போனால் நடுவில் தொய்யும், மூலையில் வளையாது. இடைவெளியைவிடக் குறைத்து வெட்டினால்தான் இழுவிசை வரும்: 4 அடி, அதாவது 48 அங்குலம் என்றால் 46 அங்குலத்தில் வெட்டுங்கள். ரொம்பக் குறைத்தால் கொக்கியைப் பிடுங்கிக்கொண்டு வரும், அதிலும் பிளாஸ்டிக் டிரிம்மில் திருகிய கொக்கி சீக்கிரமே வந்துவிடும். கொக்கி தகட்டைப் பிடிக்க வேண்டும். வெட்டு முனையில் உறை இல்லாததால் துரு அங்கிருந்துதான் தொடங்கும். நெயில் பாலிஷ் ஒரு பூச்சு போதும்.

ஸ்பிரிங் கிடைக்காத இடத்தில் சைக்கிளின் பின் பிரேக் உள் வயர் நல்ல மாற்று. ஒரு முனையில் உலோகக் குமிழ் ஏற்கெனவே இருக்கிறது. சிறு துளையிட்ட தகட்டுக் கிளாம்பில் அது தானாக நின்றுகொள்ளும். மறுமுனைக்கு எலக்ட்ரிக்கல் கடையின் கனெக்டர் பட்டையிலிருந்து பித்தளைக் குழலை மட்டும் உருவி, வயரை நுழைத்து இரண்டு ஸ்க்ரூவையும் இறுக்குங்கள். இது ஸ்பிரிங் மாதிரி நீளாது என்பதால் கையால் இழுத்த அளவுக்கு மேல் முறுக்க வேண்டாம்.

பைக்கில் சாமான் கட்டும் எலாஸ்டிக் கயிறு வேண்டாம். ஒரு கத்திரி வெயில் போனால் இழுவை போய்விடும்.

பட்டனும் காந்தமும்

டிரைவர் கேபினின் முன் கண்ணாடிக்கும் பின் கதவுக்கும் சேனல் வைக்க இடமிருக்காது. அங்கே டிச் பட்டன்தான். 24 லைன், அதாவது 15 மில்லி அளவில், ஜாக்கெட்டுக்கு வைக்கும் கனமான ரகம் கேளுங்கள். குழி உள்ள பாதியைத் துணியில் அடிக்க வேண்டும். குமிழ் உள்ள பாதியின் நடுவில் துளை இருக்கும். அதன் வழியாக 3.2 மில்லி பாப் ரிவெட் அடித்தால் தகட்டோடு சேர்ந்துவிடும். 8 அங்குலத்துக்கு ஒன்று வையுங்கள். துணியில் பட்டன் அடிக்கும் இடத்தில் ஒரு துண்டு கேன்வாஸ் வைத்து இரட்டிப்பாக்கவில்லை என்றால், இழுக்கும்போது பட்டன் துணியோடு பிய்ந்து வரும்.

காந்தம் பார்க்க அழகு, நம்ப முடியாது. உள் டிரிம் பிளாஸ்டிக்காகவோ ஃபைபராகவோ இருந்தால் ஒட்டவே ஒட்டாது. சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினால் வலு இழக்கத் தொடங்கும். அதற்கு முன்பே ஹாட் க்ளூ இளகி காந்தம் கையோடு வந்துவிடும். மடிப்புக்குள் வைத்துத் தைத்தால் மட்டும் பயன்படும். கொசுவலையின் இரண்டு பாதிகள் சேரும் நடு ஓரத்துக்கு இது பொருத்தம், வட சென்னை இரவுக்குக் கொசுவலை இல்லாத ஸ்கிரீன் எதற்கும் ஆகாது. முடிந்தால் இரட்டை சேனல் போட்டு உள்ளே வலை, கண்ணாடிப் பக்கம் பிளாக்அவுட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

20 மில்லி பிவிசி பைப்பை ஆக்சா பிளேடால் கீறி சேனலாக்கும் யோசனை உலவுகிறது. பிவிசி 80 டிகிரிக்கு அருகில் இளகும்; மே மாதம் பூட்டி நிற்கும் வேனில், சூடேறிய கூரைத் தகட்டை ஒட்டி இருக்கும் பைப் அதற்கு முன்பே தொய்ந்து வளையும்.

துணியும் தையலும்

வீட்டு ஸ்கிரீனுக்கு இரண்டு, இரண்டரை மடங்கு துணி விடுவார்கள். வேனுக்கு ஒன்றரை மடங்கு போதும். அதற்கு மேல் போனால் ஒதுக்கும்போது மூட்டையாகிக் கண்ணாடியை மறைக்கும். 6 அடிக்கு 9 அடி துணி. 54 அங்குல அகலத் துணியில் 3 மீட்டர் வாங்கி, நீளவாக்கில் நடுவே பிளந்தால் 27 அங்குல உயரத்தில் இரண்டு பக்கத்துக்கும் ஆகும். மேலே ஓர் அங்குலம், கீழே ஸ்பிரிங் போகும் மடிப்புக்கு ஒன்றரை அங்குலம் போக 24.5 அங்குலம் மிச்சம். டிசைன் துணி என்றால் பூக்கள் பக்கவாட்டில் படுத்துவிடும். ஒற்றை நிறமே உத்தமம்.

தையலுக்கு மூன்று இடங்கள் உண்டு. வீட்டு ஸ்கிரீன் தைப்பவர்கள் மடிப்பு அழகாக வைப்பார்கள், ஆனால் கீழ் மடிப்பில் ஸ்பிரிங் போக வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். தார்ப்பாய் தைக்கும் கடையில் ஐலெட் (துணித் துளைக்கான உலோக வளையம்) அடிப்பது பிரமாதம், மெல்லிய துணியில் தையல் சுருங்கும். சீட் கவர் கடைதான் நடுவில் சரியாக வரும். வண்டியைப் பார்த்து அளவெடுப்பார்கள், தடித்த பாலியஸ்டர் நூல் வைத்திருப்பார்கள், டிச் பட்டனும் அங்கேயே அடித்துத் தருவார்கள். சமையல் அடுப்புப் பக்கத்து ஸ்கிரீன் மட்டும் பருத்தியாக, அடுப்பிலிருந்து நன்றாகத் தள்ளி, கட்டி வைக்கும் பட்டையோடு இருக்கட்டும். பாலியஸ்டர் தீப்பட்டால் உருகி ஒழுகும்.

கட்டும் பட்டையை எல்லா ஸ்கிரீனுக்கும் தைக்கச் சொல்லுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 100-ஆம் விதி முன், பின் கண்ணாடிக்கு 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிக்கு 50 சதவீதமும் ஒளி ஊடுருவ வேண்டும் என்கிறது; 2012-இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமைத் தடை செய்ததும் இந்த விதியை வைத்துத்தான். ஸ்கிரீன் என்பது நிறுத்தியபின் மூடுவது. ஓடும்போது ஒதுக்கிக் கட்டியிருந்தால் டிரைவருக்குப் பார்வை தெளிவு, ரன்னருக்கும் ஆட்டம் குறைவு.

வாங்கப் போகும்போது பழைய ரன்னர் ஒன்றும், சேனலில் ஓர் அங்குலத் துண்டும் கையில் இருந்தால் கடைக்காரரிடம் விளக்கவே வேண்டாம். மெட்ரோவில் மண்ணடியில் இறங்கி ஹார்டுவேரை முதலில் முடியுங்கள். துணியின் உயரம் சேனலும் ஸ்பிரிங்கும் உட்காரும் இடத்தைப் பொறுத்தது, அதனால் அவற்றை மாட்டி அளந்த பிறகுதான் கோடவுன் தெரு. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அந்தப் பக்கத்து மொத்தக் கடைகள் பெரும்பாலும் அன்று மூடியிருக்கும்.